சாந்தாமணி என்கிற பீரங்கி வண்டி

அப்பா அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

சாணி தெளித்த ஈரம் இன்னும் காயாத வாசலில் ஒரு தகரப் பெட்டி நின்றது. இரண்டு பக்கமும் சைக்கிள் செயின், மேலே உருண்டையாக ஒரு தலை, தலையிலிருந்து நீட்டிக்கொண்டு ஒரு குழாய். அப்பா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு முன்பக்கம் குனிந்து பார்த்தார். பின்பக்கம் போய் நிமிர்ந்து பார்த்தார். சந்தையில் மாடு பார்க்கிற அதே நடை. பல்லைப் பிடித்துப் பார்க்காததுதான் பாக்கி.

கொஞ்சம் தள்ளி அண்ணன் நின்றிருந்தார். காலடியில் ட்ரங்குப் பெட்டி. லீவு முடிந்து அன்று சேலத்தில் ரயில் ஏற வேண்டும்.

"ஏ அம்மிணி, இதுக்குள்ள ஆளு எங்க உக்காரும்?" என்று அப்பா என்னிடம் கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தவர் கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். அந்த மாதிரி வண்டியை ராணுவத்தில் ஓட்டுகிறவரே அவர்தான். ஆனால் அவரிடம் கேட்க முடியாது. அப்பா அண்ணனோடு பேசுவதை நிறுத்திச் சில வருஷங்கள் ஆகியிருந்தன.

அந்தத் தகரப் பெட்டியைச் செய்தவள் நான். கையில் இருக்கும் பொத்தானை அழுத்தினால் ரேடியோ அலையில் தானாக ஓடும் பீரங்கி வண்டி. டேங்க் என்று சொன்னால் எங்கள் பக்கம் தண்ணீர்த் தொட்டி என்று நினைத்துக்கொள்வார்கள், அதனால் வீட்டில் எல்லோருக்கும் அது பீரங்கி வண்டிதான்.

எண்பதுகளின் ஆரம்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த வருஷம் என்று ஆரம்பித்தால் நான் ஒன்று சொல்வேன், என் வீட்டுக்காரர் வேறொன்று சொல்வார். பத்திரிகையில் எனக்குக் கொடுத்திருக்கும் இந்த வாரப் பக்கம் முழுவதும் அந்தச் சண்டையிலேயே தீர்ந்துவிடும்.

சிவப்பு ட்ராக்டர்

எங்கள் தோட்டம் வெண்ணந்தூருக்கும் ராசிபுரத்துக்கும் நடுவில், ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. கிணற்றுத் தண்ணீரை நம்பி மஞ்சளும், குச்சிக்கிழங்கு என்று நாங்கள் சொல்லும் மரவள்ளியும் போடுவோம். அப்பாவுக்கு ஒரே பையன், ஒரே பெண். பையன் படிப்பை முடித்ததும் அப்பா அவனுக்காக ஒரு சிவப்பு ட்ராக்டர் வாங்கினார். மாலை போட்டு, சந்தனம் வைத்து, வீட்டு வாசலில் நிறுத்தினார். பையன் ட்ராக்டர் ஓட்டுவான், பிறகு பெண் பார்ப்போம், பிறகு மேலக்காட்டில் இன்னொரு கிணறு வெட்டுவோம் என்று அப்பா மனதுக்குள் எல்லாவற்றையும் முடிவு செய்துவைத்திருந்தார். அண்ணனைக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அண்ணன் குமரேசன் ஒருநாள் கூட்டாளிகளோடு சேலத்துக்குப் போனார். ராணுவத்துக்கு ஆள் எடுக்கிறார்கள், வேடிக்கை பார்த்துவிட்டு வருகிறேன் என்றார். ஓடச் சொன்னார்கள், ஓடினார். மார்பை அளந்தார்கள், விரித்துக் காட்டினார். கூட்டாளிகள் எல்லோரும் வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்ப, இவர் மட்டும் தேர்வாகிவிட்டார். வேடிக்கை பார்க்கத்தான் போனேன் என்று இன்றைக்கும் சொல்வார். வேடிக்கை பார்க்கப் போகிறவர் பள்ளிக்கூடச் சான்றிதழை எதற்குச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனார் என்று நான் கேட்பதில்லை.

போதாக்குறைக்கு, பீரங்கி வண்டி ஓட்டும் பிரிவில் அவரைச் சேர்த்துவிட்டார்கள். என்ன ஓட்டத் தெரியும் என்று கேட்டபோது ட்ராக்டர் என்று சொன்னாராம்.

அப்பாவுக்கு அதுதான் ஆறவே இல்லை. "நா வாங்கிக் குடுத்த வண்டிய ஓட்டறதுக்கு வலிக்குது. எவனோ குடுக்கற வண்டிய ஓட்டப் போறாரு" என்றார். அண்ணன் முகத்தைப் பார்த்து அப்பா நேராகச் சொன்ன கடைசி வார்த்தை அது.

பேச்சுவார்த்தை இல்லை என்றால் ஒன்றுமே பேசவில்லை என்று நினைக்க வேண்டாம். எங்கள் வழியாகப் பேசுவார். லீவில் வந்த அண்ணன் எதிர் இலையில் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். அப்பா அம்மாவைப் பார்த்து, "மிலிட்டரிக்காரருக்கு இன்னங் கொஞ்சம் மோரு வேணுமான்னு கேளு" என்பார். அம்மா கேட்பாள். "போதுமுங்கம்மா" என்பார் அண்ணன். அந்தப் 'போதும்' அம்மாவின் வாய் வழியாகத் திரும்பி வந்தால்தான் அப்பா செம்பைக் கீழே வைப்பார்.

அம்மா பக்கத்தில் இல்லாவிட்டால் எருமையிடம் பேசுவார். "கடைசி பஸ்ஸு போயிருச்சுன்னா நடந்துதான் வரோணும், தெரியுமா?" என்று அதட்டுவார். எருமை எந்த பஸ்ஸில் போகப் போகிறது, பாவம்.

ஆரம்பத்தில் நானும் அம்மாவும் அடுக்களையில் போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். ஒவ்வொரு லீவாகப் போகப் போகச் சிரிப்பு வரவில்லை.

ஒரு லீவு முடிந்து கிளம்பும்போது அண்ணன் என்னைக் கிணற்றுமேட்டுக்குக் கூப்பிட்டார். "சாந்தா, அடுத்த தடவையும் அப்பா இப்பிடியே இருந்தாங்கன்னா, அதுக்கப்பறம் நா இங்க வரல. அங்கயே இருந்துக்கறேன். நா வந்தா அவுங்களுக்குச் சோறு எறங்கறதில்ல" என்றார்.

கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பயந்திருக்க மாட்டேன். நிதானமாகச் சொன்னார். அண்ணன் நிதானமாகச் சொன்ன எதையும் செய்யாமல் விட்டதில்லை.

பாதி முடியோடு வந்தவர்

அம்மாவிடம் சொன்னேன். கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"உங்கப்பாவுக்குக் கோவமில்ல அம்மிணி, பயம்" என்றாள். "முடி வெட்டற எடத்துல பேப்பர்ல ஒரு படம் போட்டிருந்துச்சாம். எங்கியோ சண்டையில எரிஞ்சுபோன பீரங்கி வண்டி. மேல மூடி தொறந்து கெடக்குது. அதப் பாத்துட்டுப் பாதி முடியோட எந்திரிச்சு வந்துட்டாங்க."

எனக்கு ஞாபகம் வந்தது. ஒரு வாரம் முழுக்க அப்பா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு நடந்தார். வெயிலுக்கு என்று சொன்னார். அது மார்கழி.

இரண்டு நாள் யோசித்தேன். அந்த வண்டியை அப்பா எரிந்துபோன நிலையில் மட்டும்தான் பார்த்திருக்கிறார். ஓடுகிற ஒன்றை அவர் பார்த்ததே இல்லை. அது எப்படி ஓடும், எப்படித் திரும்பும், உள்ளே அண்ணன் எங்கே இருப்பார் என்று கண்ணால் பார்த்துவிட்டால் அந்தப் படம் மனதை விட்டுப் போகும் என்று தோன்றியது. அடுத்த லீவுக்குள் ஒன்றைச் செய்து, வாசலில் ஓட்டிக் காட்டிவிடுவது என்று முடிவு செய்தேன்.

முழு உண்மையையும் சொல்லிவிடுகிறேன், அண்ணனுக்காக மட்டும் இல்லை. சேலத்தில் பௌதிகம் படித்து முடித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். யாராவது பெண் பார்க்க வருவார்கள், நான் காபித் தட்டைத் தூக்கிக்கொண்டு போவேன். நான் படித்த பௌதிகம் காபி ஆறுவதற்குள் கொண்டுபோய்ச் சேர்க்க மட்டும்தான் உதவியது. கல்லூரி நூலகத்தில் ஒரு மின்னணுப் பத்திரிகையில், பொம்மைக் காரை ரேடியோ அலையில் ஓட்டுவது எப்படி என்று படம் போட்டிருந்ததைப் பார்த்து வரைந்து வைத்திருந்தேன். அது கையை அரித்துக்கொண்டே இருந்தது.

அனுபவம் என்று கேட்டால், கல்லூரி ஆய்வகத்தில் மீட்டரின் முள் எங்கே நிற்கிறது என்று படித்துச் சொல்லியிருக்கிறேன். அவ்வளவுதான்.

குடைக்கம்பி

சேலத்தில் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ரேடியோ சாமான் விற்கும் ஒரு கடை இருந்தது. வேண்டியதை வரிசையாகச் சொன்னேன். கடைக்காரர் எடுத்துக் காகிதத்தில் மடித்துக்கொண்டே, "மெக்கானிக்கு ஆருங்க, அப்பாவா, அண்ணனா?" என்று கேட்டார். "நான்தாங்க" என்றேன். மடித்ததைப் பிரித்து மறுபடி சரிபார்த்துக் கொடுத்தார். என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

அவர் சந்தேகப்பட்டது தப்பில்லை. ட்ரான்சிஸ்டருக்கு மூன்று கால். எந்தக் கால் எங்கே போக வேண்டும் என்பதை முதல் தடவை மாற்றிப் பொருத்தினேன். சின்னதாக ஒரு புகை வந்தது. அம்மா அடுக்களையிலிருந்து, "என்னமோ தீயுது, பால வெச்சுட்டு மறந்துட்டியா?" என்று கத்தினாள்.

ஈயம் பற்றவைக்கும் கம்பி இன்னொரு கூத்து. எங்கள் தோட்டத்துக் கரண்டில் பல்பே பீடி நெருப்பு மாதிரிதான் எரியும். அந்தக் கரண்டில் கம்பி எங்கே சூடேறும்? செம்புக் கம்பி ஒன்றை அடுப்பில் செருகிக் காயவைத்து, ஓடிவந்து பற்றவைத்தேன். அம்மா ஒரு பக்கம் தோசை சுட, மறுபக்கம் என் கம்பி காய்ந்தது.

வேலை செய்யும் விதம் எளிதுதான். என் கையில் ஒரு டப்பா, அதில் ஒரே ஒரு பொத்தான். அழுத்தினால் அலை போகும். வண்டிக்குள் இருக்கும் இன்னொரு டப்பா அதைக் கேட்டு, 'டிக்' என்று ஒரு பல்சக்கரத்தைத் தள்ளிவிடும். ஒருமுறை அழுத்தினால் வண்டி ஓடும், மறுபடி அழுத்தினால் நிற்கும். அடுத்த அழுத்தலுக்கு இடது பக்கம் திரும்பும், பிறகு நிற்கும், பிறகு வலது, பிறகு நிற்கும், பிறகு பின்னால். வரிசை மறந்து போனால் வண்டி எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது, எனக்கும் சேர்த்து.

அலையைப் பிடிக்க நீளமாக ஒரு கம்பி வேண்டும். அப்பாவின் குடையிலிருந்து ஒன்றை உருவினேன். அடுத்த மழைக்கு அப்பா குடையை விரித்தபோது ஒரு பக்கம் கோழி இறக்கை மாதிரி தொங்கியது. ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பக்கத்துத் தோள் நனைய நடந்து போனார்.

முதன்முதலாக அந்த 'டிக்' கேட்ட நாளை மறக்க முடியாது. மேசையின் இந்தப் பக்கம் அழுத்தினேன், அந்தப் பக்கம் 'டிக்'. நடுவில் கம்பி இல்லை, ஒன்றுமில்லை. மறுபடி அழுத்தினேன், மறுபடியும் 'டிக்'. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அத்தனை நாள் புத்தகத்தில் படித்ததெல்லாம் பொய்யில்லை என்று அன்றைக்குத்தான் நம்பினேன்.

பட்டறை

'டிக்' என்பதை வண்டியாக்க ஆள் வேண்டுமே. என் தாய்மாமன் மகன் துரை நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தார். எனக்கு முறை. அதனால் அவரிடம் போக எனக்கு வெட்கம், அனுப்ப அம்மாவுக்குத் தயக்கம். கடைசியில் அம்மாவே ஒரு தூக்குச்சட்டியில் எதையோ போட்டு, "மாமன் ஊட்டுல குடுத்துட்டு வா" என்று வழி செய்து கொடுத்தாள்.

படத்தைக் காட்டினேன். துரை மாமா தலையைச் சொறிந்தார். "பீரங்கியா? நா இதுவரைக்கும் லாரிக்குத்தான் பாடி கட்டியிருக்கறேன்" என்றார். பிறகு, "பரவால்ல, இதும் வண்டிதான" என்றார்.

அந்த 'இதும் வண்டிதான' என்பதில்தான் எல்லா வினையும் ஆரம்பித்தது.

மெல்லிய தகரத்தில் செய்யச் சொன்னேன். லாரிக் கதவுத் தகரத்தில் செய்துவிட்டார். ஒரு ஆள் தனியாகத் தூக்கினால் இடுப்புப் பிடித்துக்கொள்ளும். பொம்மை மோட்டார் அசைக்கவே அசைக்காது. அதற்கும் அவரே வழி கண்டுபிடித்தார். லாரியின் முன்கண்ணாடியைத் துடைக்கும் வைப்பரின் மோட்டார், பக்கத்துக்கு ஒன்று. மெதுவாகச் சுற்றும், ஆனால் மலையையே இழுக்கும். ஸ்கூட்டர் பேட்டரிகளை உள்ளே வைத்தார். சைக்கிள் செயினில் பழைய லாரி டயர்த் துண்டுகளை வரிசையாக ஆணி வைத்துத் தறைந்து, பீரங்கி வண்டிக்கு உள்ள அதே பட்டை மாதிரி செய்துவிட்டார். எனக்கு ஒரே சந்தோஷம்.

அந்தச் சந்தோஷத்தில் இரண்டு பேருமே ஒன்றைக் கவனிக்கவில்லை. செயினைச் சுற்றுவதற்கு சைக்கிளின் பின் பல்சக்கரத்தைப் போட்டிருந்தோம். சைக்கிள் ஓட்டுகிற எல்லோருக்கும் தெரியும், முன்னால் மிதித்தால் அது பிடிக்கும், பின்னால் மிதித்தால் கிரிகிரி என்று சும்மா சுற்றும். எங்கள் வண்டி முன்னால் அருமையாகப் போனது. பின்னால் வரச் சொன்னால் கிரிகிரி என்று சத்தம் போட்டுவிட்டு நின்ற இடத்திலேயே நின்றது. எல்லாவற்றையும் பற்றவைத்து முடித்த பிறகுதான் தெரிந்தது. அதைச் சரிசெய்ய வேண்டுமென்றால் முழுப் பெட்டியையும் உடைக்க வேண்டும்.

"பின்னால வரலைன்னா என்னங்? திருப்பிக்கலாம் அம்மிணி" என்றார் துரை மாமா. தப்பு செய்துவிட்டு முகத்தை அவ்வளவு சாதுவாக வைத்துக்கொள்ள அவரால்தான் முடியும். இன்றைக்கும் அதே முகம்தான். இதை எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து படித்துவிட்டு அதே முகத்தோடு பார்க்கிறார்.

பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் தோட்டத்துக்குக் கொண்டுவந்து ரகசியமாக ஓட்டிப் பார்த்தோம். அப்பா கிணற்று மோட்டாரைப் போடப் போயிருந்தார். நான் பொத்தானைத் தொடவே இல்லை. அப்பா அங்கே மோட்டாரைப் போட்டதும் இங்கே வண்டி 'டிக்' என்று கிளம்பிவிட்டது. மோட்டார் சுவிட்சில் தெறிக்கும் பொறியிலிருந்தும் அலை கிளம்பும், அதை என் டப்பா நான் கூப்பிட்டதாக நினைத்துக்கொள்ளும் என்பது எனக்கு அப்போது தெரியாது. வாசல் கூட்டிக்கொண்டிருந்த அம்மாவை நோக்கி அது ஊர்ந்து போனது. அம்மா விளக்குமாற்றால் ஒரு போடு போட்டுவிட்டு உள்ளே ஓடிப்போய் விபூதி கொண்டுவந்தாள்.

அதிலிருந்து கிணற்று மோட்டார் ஓடும் நேரத்தில் வண்டியை எடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டோம்.

பெயிண்ட்

"பட்டாளத்துப் பச்சை அடிச்சாப் போதுமுங்க மாமா" என்று சொல்லித்தான் அனுப்பினேன்.

அண்ணன் லீவில் வந்துவிட்டார். பட்டறைப் பெயிண்டருக்கு அவசர வேலைகள். வண்டி வரவில்லை. வீட்டில் அதே மோர், அதே எருமை. அண்ணன் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, முந்தைய லீவில் சொன்னதை மறுபடி சொல்லவும் இல்லை. ஆனால் அலமாரியில் இருந்த தன் பழைய துணிகளையெல்லாம் எடுத்து மடித்து ட்ரங்குப் பெட்டியில் வைப்பதைப் பார்த்தேன். இனி வர மாட்டார் என்று புரிந்தது.

கிளம்பும் நாள் காலையில்தான் துரை மாமாவின் ஸ்கூட்டர் வந்தது. பின்சீட்டில் சாக்குச் சுற்றிய மூட்டை. வாசலில் இறக்கிச் சாக்கை உருவினார்.

பச்சை இருந்தது. சும்மா சொல்லக்கூடாது, பச்சை நன்றாகவே இருந்தது. அந்தப் பச்சையின்மேல், முன்னால் திருஷ்டிக்கு இரண்டு பெரிய கண்கள். பக்கவாட்டில் தாமரை. தலையின் உச்சியில் ஒரு அன்னப்பறவை. பின்னால் 'ஹாரன் அடிக்கவும்'. பீரங்கிக் குழாயில் மஞ்சளும் சிவப்புமாகக் கோடு. எல்லாவற்றுக்கும் மேலாக, நெற்றியில் கொட்டை எழுத்தில் 'சாந்தாமணி'.

"வண்டின்னா பேரு வேணுமில்லீங்களா? அதுதான் பெயிண்டரு கேட்டாப்ல" என்றார் துரை மாமா, தரையைப் பார்த்துக்கொண்டு.

லாரியின் நெற்றியில் யார் பெயரை எழுதுவார்கள் என்று எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரியும். அம்மா அதைப் படித்தாள். துரை மாமாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் காபித் தட்டுக்கு வேலை இல்லாமல் போனது. அதைத் தனியாக ஒரு வாரம் எழுத வேண்டும், இங்கே வேண்டாம்.

அண்ணன் அந்த வண்டிக்கு நேராக விறைப்பாக நின்று ஒரு சல்யூட் வைத்தார். "எங்க ரெஜிமெண்ட்ல இந்த மாதிரி ஒண்ணு கூட இல்லீங்க" என்றார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்பாவின் மீசை ஒருமுறை ஆடி அடங்கியது.

பிறகுதான் அப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அதைச் சுற்ற ஆரம்பித்தார்.

நடுவில் ஆள் இல்லை

"இதுக்குள்ள ஆளு எங்க உக்காரும்?"

எனக்குப் பதில் தெரியும். சொல்லக்கூடாது என்று தோன்றியது. "எனக்குத் தெரியாதுங்கப்பா. ஓட்டறவரக் கேளுங்க" என்றேன்.

அப்பா என்னை முறைத்துவிட்டு அம்மாவிடம் திரும்பினார். அம்மா என்னைவிடக் கெட்டிக்காரி. "எனக்கு அடுப்புல வேல கெடக்குது" என்று உள்ளே போய்விட்டாள். துரை மாமா செயினைப் பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டார். எருமை தூரத்தில் காட்டில் மேய்ந்துகொண்டிருந்தது. அப்பாவுக்குப் பேச ஆள் இல்லை.

அண்ணன்தான் வந்து வண்டிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "முன்னால, இங்கீங்க. இந்தத் தாமரைக்கும் கண்ணுக்கும் நடுவுல. இங்கதான் நா உக்காருவேன்" என்றார்.

அப்பா அந்த இடத்தைக் குனிந்து பார்த்தார். பிறகு கேட்டார், அண்ணனைப் பார்த்து அல்ல, பெட்டியைப் பார்த்து. "மூடியப் போட்டுட்டாக் காத்து?"

"உள்ள காத்து வாரதுக்கு வழி இருக்குதுங்க" என்று அண்ணனும் பெட்டியைப் பார்த்தே சொன்னார்.

"வெய்யலுக்கு?"

"வேகும்ங்க. நம்மூரு வெய்யல்ல உழுதவனுக்கு அது ஒண்ணும் பெருசில்ல."

"இது பின்னால வருமா?"

"வருமுங்கப்பா. நெசமான வண்டியில ரிவர்ஸ் இருக்குது. சாந்தா பண்ணுனதுலதான் இல்ல."

அப்பா குழாயைத் தொட்டுப் பார்த்தார். கையை எடுக்காமலே, இன்னும் மெதுவாகக் கேட்டார். "தீப் புடிச்சா?"

 அண்ணன் அன்னப்பறவைக்குக் கீழே விரலை வைத்தார். "ஒவ்வொருத்தனுக்கும் ஒரு வழி இருக்குதுங்கப்பா. எனக்குன்னு தனியா ஒண்ணு. எப்பிடி வெளிய குதிக்கறதுன்னுதான் மொதல்ல சொல்லிக் குடுப்பாங்க. அப்பறந்தான் ஓட்டறதுக்கே உடுவாங்க."

அப்பா தலையை ஆட்டினார்.  அண்ணன் பக்கம் திரும்பவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. தகரப் பெட்டியிடம் பேசினால் அது அண்ணனிடம் பேசியதாகுமா? எனக்கு அழுகையாக வந்தது.

எலுமிச்சம்பழம்

அம்மா தட்டோடு வந்தாள். சூடம், குங்குமம், இரண்டு எலுமிச்சம்பழம். எங்கள் பக்கம் புதிதாக வருகிற எந்த வண்டியும் எலுமிச்சம்பழத்தை நசுக்காமல் வாசலைத் தாண்டாது. லாரிக்கு, ட்ராக்டருக்கு, ஏன், சைக்கிளுக்குக்கூட வைப்போம்.

"இது பொம்மைங்கம்மா" என்றார் அண்ணன்.

"வண்டி வண்டிதானுங்க" என்றார் துரை மாமா. லாரிக்காரர் வேறு என்ன சொல்வார்?

அம்மா சூடம் காட்டி, பக்கத்துக்கு ஒரு பழமாகப் பட்டைக்கு முன்னால் வைத்தாள். நான் பொத்தானை அழுத்தினேன். 'டிக்.' வண்டி கிளம்பியது. இடது பக்கத்துப் பழம் நழுவி உருண்டு ஓடியது. வலது பக்கத்துப் பழத்தின்மேல் வண்டி ஏறியது, சாய்ந்தது, அப்படியே நின்றது. மோட்டார் உறுமியது. செயின் கழன்று விழுந்தது. நான் அழுத்தி நிறுத்தினேன்.

பழத்தில் ஒரு கீறல் இல்லை.

அம்மாவின் முகம் வெளுத்துப் போனது. தட்டைக் கீழே வைத்துவிட்டு அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாங் கண்ணு. இன்னைக்குப் போவ வேண்டாம். இன்னொரு நாளைக்குப் போ."

"போகாம இருக்க முடியாதுங்கம்மா" என்றார் அண்ணன்.

டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அப்பாவின் பயத்தைப் போக்குகிறேன் என்று கிளம்பி, அம்மாவுக்கும் சேர்த்து ஒரு பயத்தை வாங்கிக் கொடுத்துவிட்டேன். அந்த வண்டியைக் கிணற்றில் தூக்கிப் போடலாம் போல இருந்தது.

அப்பா வேட்டியை மடித்துக் கட்டினார். வண்டிக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"தொரை, அந்தச் செயினை மாட்டு" என்றார். மாட்டினார். அப்பா வலது பக்கத்துப் பழத்தை எடுத்துத் துடைத்துப் பட்டைக்கு முன்னால் வைத்தார். நகராமல் இருக்க அண்டையில் ஒரு கல்லையும் வைத்தார். "ஓட்டு அம்மிணி."

பொத்தானை அழுத்தினேன். அடுத்தது இடது என்பதை மறந்து போயிருந்தேன்; வண்டி இடப்பக்கம் திரும்பப் பார்த்தது, அடுத்தடுத்த அழுத்தலுக்கு வலப்பக்கம் திரும்பப் பார்த்தது, பின்னால் கிரிகிரி என்றது, பிறகு நின்றது. மறுபடி அழுத்தினேன். நேராக ஏறியது. பழத்தின்மேல் ஏறிச் சாயும்போது அப்பா இரண்டு உள்ளங்கைகளையும் அன்னப்பறவையின்மேல் ஊன்றி, உடம்பு முழுவதையும் அதன்மேல் சாய்த்தார்.

"ஏனுங்க, கையில அமுக்குனா அது கணக்குல சேருமுங்களா?" என்று அம்மா அழுகைக்கு நடுவே கேட்டாள்.

"வெறும் வண்டி எப்பிடி நசுக்கும்? வண்டின்னா லோடு ஏத்தோணும்" என்றார் அப்பா, பல்லைக் கடித்துக்கொண்டு. "நாந்தான் லோடு."

பழம் வெடித்தது. சாறு அப்பாவின் மீசையிலும் கண்ணிலும் தெறித்தது. வாசல் முழுக்க எலுமிச்சை வாசம். வண்டி நசுங்கிய பழத்தைத் தாண்டி, கோழிக்கூண்டை நோக்கித் தன் போக்கில் போய்க்கொண்டிருந்தது. நிறுத்த வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. துரை மாமா அதன் பின்னால் ஓடினார்.

அப்பா எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே துண்டால் கண்ணைத் துடைத்தார். சாறா வேறெதுவா என்று தெரியாத அளவுக்கு நிறைய நேரம் துடைத்தார். பிறகு தலையை உயர்த்தி அண்ணனின் முகத்தைப் பார்த்தார். நேராகப் பார்த்தார்.

"அடுத்த லீவு எப்பொ சாமி?"

பழக்கதோஷத்தில் அண்ணன் அம்மாவின் பக்கம் திரும்பினார், அவள் கேட்டுச் சொல்லட்டும் என்று. அம்மா வாயைத் திறக்கவில்லை.

அண்ணன் அப்பாவின் பக்கம் திரும்பினார். 

"தைப்பொங்க நோம்பிக்கு வாரேனுங்கப்பா" என்றார்.